டிரங்குப் பெட்டியில் கிடைத்த லைட் துரையின் படமும் கையெழுத்தும் – உண்மையில் யாருடையவை?

தேவகோட்டைப்பேத்தி | சனி, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஆயா வீட்டு ஐயா (அம்மாவின் அப்பா) பினாங்கில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் (வட்டிக் கடையில்) அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். மூன்று மூன்று வருஷமாகப் போய் வந்து, 1950களில் ஊரோடு தங்கிவிட்டார். போன வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழித்தோம். பேரேடுகள், கப்பல் ரசீதுகள், ஒரு மலாய்ப் பாடப் புத்தகம், அதோடு கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றும் கிடைத்தது.

படத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரை, மார்பளவு உருவம். கறுத்த சுருள் முடி, காதோரம் ஒட்ட வெட்டிய கிருதா, மீசை இல்லை. படத்துக்குக் கீழே பழுப்பு நிறத்தில் கையெழுத்து. 'லைட்' என்பது தெளிவாகப் படிகிறது, முன்னால் உள்ள எழுத்து சுழித்துச் சுழித்து இருக்கிறது. சட்டத்தின் பின்பலகையில் ஐயா தன் கையால் எழுதியிருக்கிறார்: 'பினாங்கை உண்டாக்கிய லைட் துரை. கையெழுத்தும் அவருடையதே.'

ஐயா கணக்குப் பிசகாத மனிதர். அதனால்தான் அவர் எழுதியதை அப்படியே நம்பத் தோன்றுகிறது. ஆனால் 1794இல் இறந்துபோன பிரான்சிஸ் லைட்டின் மைக் கையெழுத்து எங்கள் வீட்டுப் பெட்டிக்கு எப்படி வந்திருக்கும்? உண்மையாக இருந்தால் ஏதாவது ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று அம்மா சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன்.

தஞ்சோங்காரி | சனி, இரவு 11.42

வணக்கம் தங்கச்சி. நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள், ஜார்ஜ் டவுனைத் தஞ்சோங் என்று சொல்லும் தலைமுறை. உங்கள் ஐயா இருந்த கிட்டங்கி பெரும்பாலும் பினாங்குத் தெருவில்தான் இருந்திருக்கும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் லைட்டின் முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அவர் உயிரோடு இருந்தபோது வரைந்த படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படியானால் கார்ன்வாலிஸ் கோட்டைக்குள் நிற்கும் வெண்கலச் சிலை யார் என்று கேட்பீர்கள். அது 1936இல், ஆங்கிலேயர் கால்வைத்த 150ஆம் ஆண்டுக்காகச் செய்தது. வடித்தவர் வில்காக்சன் என்ற ஆங்கிலச் சிற்பி. அப்பாவின் படம் கிடைக்காததால் மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்து வடித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளாக அந்தச் சிலையைச் சுற்றி ஓடினோமே, அப்போது எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை. தெரிந்தபோது எனக்கு நாற்பது வயது.

சிலையின் இடுப்பு வாள் ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு சில காலம் ஃபர்குவார் தெரு அருங்காட்சியக முற்றத்தில் நின்றது, அப்புறம் கோட்டைக்கே திரும்பி வந்தது.

உங்கள் படத்தில் இருக்கும் சுருள் முடியையும் கிருதாவையும் பார்த்தால் எனக்கு அந்த மகன் ஞாபகம்தான் வருகிறது. கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. அது தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பழையதாள் | ஞாயிறு, காலை 6.30

நாற்பது வருஷம் பழைய தாள்களைச் செப்பனிட்டுக் கண் மங்கியவன் நான். அம்மா, படத்தைச் சட்டத்திலிருந்து பிய்க்காதீர்கள். இது முதல் வேண்டுகோள். பின்னால் பசை போட்டு அட்டையில் ஒட்டியிருந்தால், பிரிக்கும்போது தாளின் மேல்தோல் பலகையோடு போய்விடும்.

பெருக்குக் கண்ணாடி வழியாகக் கையெழுத்தைப் பாருங்கள். இல்லையென்றால் கைபேசி கேமராவை மிக அருகில் வைத்து, வெயில் வெளிச்சத்தில் எடுத்து இங்கே போடுங்கள். கவனிக்க வேண்டியதைச் சொல்கிறேன்.

இறகுப் பேனாவால் எழுதிய கையெழுத்தில் மை ஒரே சீராக இருக்காது. பேனா கீழ்நோக்கி இறங்கும்போது கோடு தடிக்கும், மேலே ஏறும்போது மெலியும். மை தீரும் இடத்தில் வெளிறி, மறுபடி தொட்டு எழுதிய இடத்தில் அடர்ந்திருக்கும். அந்தக் காலத்து மை இரும்பு உப்பும் மாசிக்காயும் சேர்த்துச் செய்தது. எழுதும்போது கறுப்பு, காலப்போக்கில் பழுப்பு. தாளைத் தின்றுகொண்டே உள்ளே இறங்கும். பல தாள்களில் எழுத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு நிழல் படிந்திருக்கும், தடித்த இடங்களில் தாளே பொடிந்து ஓட்டை விழுந்திருக்கும்.

கல்லச்சில் எடுத்த நகல் என்றால் கோடு முழுக்க ஒரே அடர்த்தி. மை தாளின் மேலே உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. பத்திரிகை, மலர் அச்சடிக்கும் முறையில் வந்தது என்றால் கோடே இருக்காது, புள்ளிப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி முறை 1880களில்தான் பரவியது. அதைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும்.

பெரிய மனிதர் படத்துக்குக் கீழே அவர் கையெழுத்தின் நகலைச் சேர்த்து அச்சடிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் சர்வசாதாரணம். படமும் கையெழுத்தும் சேர்ந்திருந்தால் ஆளே நேரில் வந்த மாதிரி என்று நினைத்தார்கள். மூலக் கையெழுத்து என்று நம்பி அந்த நகலைக் கொண்டுவந்தவர்கள் என் மேசையில் நூறு பேராவது உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் ஏமாளிகள் இல்லை. மூலமாகத் தோன்ற வேண்டும் என்றுதான் அதை அச்சடித்தார்கள்.

நாகூரான் | ஞாயிறு, காலை 10.05

கையெழுத்து இருக்கட்டும். 'பினாங்கை உண்டாக்கிய' என்ற சொல்லைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. தீவு அங்கேதான் இருந்தது. கடார சுல்தானுடைய மண் அது. நம் புலவர்களும் சோழர் மெய்க்கீர்த்தியும் பாடிய அதே கடாரம்தான் இன்றைய கெடா. லைட் வருவதற்கு முன்பே பத்து உபான் போன்ற இடங்களில் குடிகள் இருந்தார்கள். ஆள் இல்லாத காட்டில் பீரங்கிக்குள் வெள்ளிக்காசைப் போட்டுச் சுட்டார், காசு பொறுக்குகிற ஆசையில் ஆட்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அதை வெட்டிய கைகள் யாருடையவை?

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க முன்வந்தது சும்மா இல்லை. சயாமும் பர்மாவும் நெருக்கின, படைத்துணை வேண்டும் என்று கேட்டார். லைட் யார் சார்பில் பேசினாரோ அந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த உறுதியைக் கொடுக்கவே இல்லை. அது முடிவாகும் முன்பே 1786 ஆகஸ்ட் 11ஆம் தேதி லைட் கொடியேற்றி, மறுநாள் பிறந்தநாள் கண்ட இளவரசர் பெயரில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு' என்று பெயரும் வைத்துவிட்டார். ஏமாந்த சுல்தான் 1791இல் தீவைத் திரும்பப் பிடிக்க, எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில் ஆள் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு அடித்தார். அந்த மே மாதம் எழுதிய உடன்படிக்கையில் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடித்தார்கள். 1800இல் எதிர்க்கரையையும் வாங்கிக்கொண்டு தொகையை 10,000 ஆக்கினார்கள்.

இந்த ஆளின் கையெழுத்தை நாம் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டுமா?

தேவகோட்டைப்பேத்தி | ஞாயிறு, பகல் 1.20

அண்ணே, கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. இது என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். 'உண்டாக்கிய' என்பது ஐயாவின் சொல். அவர் காலத்தில் அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதை நான் அழிக்க மாட்டேன். நீங்கள் சொன்ன 1791 சண்டை எனக்குத் தெரியாது, அதற்கு நன்றி.

பழையதாள் சார், நீங்கள் சொன்னபடி வாசலில் வைத்து எடுத்தேன். மூன்று படம் போட்டிருக்கிறேன். முகத்தில் புள்ளிகள் தெரிகின்றன. கையெழுத்திலும் தெரிகின்றன, கோடு உடைந்து உடைந்து இருக்கிறது. பழுப்பு நிறம் தாள் முழுவதிலும் இருக்கிறது, எழுத்தில் மட்டும் இல்லை. மனசுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பழையதாள் | ஞாயிறு, பகல் 2.02

பார்த்தேன். ஐயமே இல்லை, அச்சுதான். படமும் கையெழுத்தும் ஒரே தகட்டிலிருந்து ஒரே நேரத்தில் விழுந்தவை. இருபதாம் நூற்றாண்டு. ஏதோ ஒரு மலரிலிருந்தோ புத்தகத்திலிருந்தோ வெட்டிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இடது ஓரம் நேராக வெட்டப்படவில்லை, கத்தரிக்கோல் தயங்கிய இடம் தெரிகிறது. உங்கள் ஐயாவே வெட்டியிருக்கலாம்.

வருத்தப்படாதீர்கள். வெட்டி எடுத்துச் சட்டம் போட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை கப்பலில் போய் வந்த மனிதர் அதை உடைக்காமல் ஊருக்குக் கொண்டுவந்திருக்கிறார். எனக்கு அது லைட் துரையின் கையெழுத்தை விடப் பெரிய ஆவணம்.

அடிலெய்டுவாசி | ஞாயிறு, மாலை 4.48

நான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறேன். இழையைக் காலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், இரண்டாவது படத்தைப் பெரிதாக்கியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

சகோதரி, அந்த முதல் எழுத்தை மறுபடி பாருங்கள். எஃப் என்றால் மேலே ஒரு குறுக்குக் கோடும் நடுவில் ஒன்றும் வேண்டும். இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன, இரண்டும் மேலே ஏறி முடிகின்றன. அது டபிள்யூ. 'வி. லைட்'. வில்லியம் லைட்.

தஞ்சோங்காரி அக்கா முகத்தை வைத்துச் சொன்னதைக் கையெழுத்தும் சொல்கிறது. உங்கள் படத்தில் இருப்பவர் முழுக்க முழுக்க மகன்தான். எங்கள் ஊரை அளந்து, தெரு போட்டு, நகரம் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்தவர். அவரும் ஒரு குடியேற்ற நகரத்தின் நிறுவனர், அதாவது அப்பாவைப் போலவே.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். 1786 ஏப்ரலில் குவாலா கெடாவில் பிறந்தார், அப்பா பினாங்கில் கொடியேற்றுவதற்குச் சில மாதம் முன்பு. ஆறு வயது வாக்கில் இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். சஃபோக் மாவட்டத்தில் திபர்ட்டன் என்ற ஊரில் ஒரு குடும்பத்தில் வளர்ந்தார். அப்பாவை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. ஸ்பெயினில் வெலிங்டன் படையில் சண்டை போட்டார், எகிப்து பாஷாவின் கடற்படையில் கப்பல் ஓட்டினார். 1836இல் தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு நில அளவைத் தலைவராக வந்தார். நகரத்தைச் சுற்றிப் பூங்கா வளையம் விட்டு அவர் வரைந்த திட்டத்தின்படிதான் இன்றும் நான் வேலைக்கு நடந்து போகிறேன். அந்த நிலம் பூர்வகுடிகளான கௌர்னா மக்களுடையது. இங்கே பொதுக்கூட்டம் தொடங்கும்போது முதலில் அதைத்தான் சொல்வார்கள். நாகூரான் சொன்ன கேள்வி இங்கேயும் அப்படியே பொருந்தும்.

வில்லியம் நன்றாக ஓவியம் வரைவார். தன் முகத்தைத் தானே எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது இங்கே மாநிலக் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஆனால் 1839 ஜனவரியில் அவர் குடிசையும் பக்கத்து அளவை அலுவலகமும் தீப்பிடித்து எரிந்தன. பல வருஷத்து நாட்குறிப்புகளும் படங்களும் சாம்பலாயின. அந்த வருஷம் அக்டோபரில் காசநோயால் இறந்தார், வயது 53. நகர நடுவில் லைட் சதுக்கத்தில் புதைத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த இடத்தைத் தினமும் தாண்டுகிறேன்.

தேவகோட்டைப்பேத்தி | ஞாயிறு, மாலை 5.30

இப்போது பார்த்தால் டபிள்யூ என்பது பளிச்சென்று தெரிகிறது. இவ்வளவு நாள் எஃப் என்று ஏன் படித்தோம்? பின்பலகையில் எழுதியதைப் படித்துவிட்டுத்தானே முன்பக்கத்தைப் பார்த்தோம், அதனால்தான்.

அப்படியானால் ஐயா எழுதியது இரண்டு வரி, இரண்டும் தப்பு. பினாங்கு லைட்டும் இல்லை, கையால் போட்ட கையெழுத்தும் இல்லை.

தஞ்சோங்காரி | ஞாயிறு, இரவு 8.15

இல்லை தங்கச்சி, அப்படிச் சொல்லாதே. உன் ஐயா பினாங்கில் இருந்த காலத்தில்தான் அந்தச் சிலை வந்தது. கிட்டங்கியிலிருந்து கோட்டை எட்டு நிமிஷ நடை. சாயங்காலம் கடல் காற்றுக்கு எல்லோரும் போகிற இடம். சிலையில் பார்த்த முகத்தையே ஒரு மலரில் அச்சாகப் பார்த்தால், 'இது நம் ஊர் லைட்' என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஊரே வெண்கலத்தில் செய்த ஒன்றைத்தான் அவரும் பலகையில் எழுதினார்.

இன்னொன்று. இதை நான் பல வருஷமாக மனசில் வைத்திருக்கிறேன், இங்கேதான் எழுதத் தோன்றுகிறது. மகனின் முகம் என்றால் அதில் அம்மாவின் முகமும் இருக்கும் அல்லவா? வில்லியமின் அம்மா மார்ட்டினா ரொசெல்ஸ். போர்த்துகீசிய, சயாமியக் கலப்பு என்கிறார்கள் சிலர், கெடா அரச வம்சம் என்கிறார்கள் சிலர். எதுவானாலும் இந்தக் கடற்கரைகளில் பிறந்த பெண். லைட் தன் உயிலில் அவளை '1772 முதல் என்னோடு வாழ்ந்துவரும் மார்ட்டினா ரொசெல்ஸ்' என்று எழுதினார். மனைவி என்ற சொல் அதில் இல்லை. இருபத்திரண்டு வருஷம், ஐந்து பிள்ளைகள். சஃபோக் என்று அவர் பெயர் வைத்த மிளகுத் தோட்டத்தையும் வீட்டையும் அவளுக்கு எழுதிவைத்தார். ஆனால் அந்தச் சொத்து அவள் கையில் நிலைக்கவில்லை.

அவளுக்குப் படம் இல்லை, சிலை இல்லை. நான் கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சுருள் முடியைப் பார்க்கிறேன். அந்தக் கன்னத்திலும் வாயிலும் அவள் சாயல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். இங்கிலீஷ்காரனுக்காக வைத்த சிலையில் யாரும் கேட்காமலே அவளும் வந்து நிற்கிறாள்.

நாகூரான் | ஞாயிறு, இரவு 9.40

அக்கா, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் அந்தச் சிலையை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கோபத்தோடு பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், லைட்டின் தாள்களிலேயே இருப்பதால். சாவதற்குச் சில மாதம் முன்பு 1794இல் அவர் கல்கத்தாவுக்கு எழுதிய அறிக்கையில் தீவின் குடிகளை வகை பிரித்திருக்கிறார். அதில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்கள் (தமிழ் முஸ்லிம்கள்) சுமார் ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள், அதுபோக ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 ஆண்கள் வரை கப்பலில் வந்து, வியாபாரமும் கூலி வேலையும் செய்து, சில வெள்ளி சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அவர்கள் இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள் என்கிறார். தேவகோட்டைப்பேத்தி, மூன்று வருஷக் கணக்குக்குப் போய் வந்த உங்கள் ஐயாவின் கதை இதில் அப்படியே இருக்கிறது பாருங்கள், நூற்றைம்பது வருஷம் முன்னாலேயே.

சூலியாக்கள் லைட்டுக்குப் பின்னால் வந்தவர்கள் இல்லை. கெடாவில் வெகுகாலமாக வியாபாரம் செய்தவர்கள்தான் தீவுக்கு நகர்ந்தார்கள். அவர்களில் காதிர் முகைதீன் என்பவர் கப்பித்தான், அதாவது சமூகத் தலைவர், ஆனார். 1801இல் பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது, அதுதான் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சூலியா தெருவில் எங்கள் நாகூர் ஆண்டவர் பெயரில் தர்கா இருக்கிறது. அங்கே நிற்கும்போது ஊரில் நிற்கிற மாதிரியே இருந்தது.

பழையதாள் | திங்கள், காலை 6.15

பிரான்சிஸ் லைட்டின் உண்மைக் கையெழுத்து எங்கே இருக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு வருகிறேன்.

கம்பெனியின் பினாங்குக் கடிதப் போக்குவரத்து 'ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்' என்ற வரிசையில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அதைத் திறந்ததும் எல்லாம் லைட்டின் கை என்று எண்ணிவிடக்கூடாது. கப்பல் மூழ்கினால் கடிதமும் மூழ்கும் என்பதால் ஒரே கடிதத்தை இரண்டு மூன்று பிரதி எடுத்து வெவ்வேறு கப்பலில் அனுப்புவார்கள். வந்து சேர்ந்ததை எழுத்தர்கள் பெரிய புத்தகத்தில் நகல் எழுதிவைப்பார்கள். நகலில் பெயருக்கு முன்னால் 'ஒப்பமிட்டது' என்று சேர்த்திருப்பார்கள். அப்படி இருந்தால் அது எழுத்தரின் கை, லைட்டின் கை இல்லை. ஆய்வாளர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது வேறொரு தொகுப்பு. லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேயக் கல்லூரியில் 'லைட் கடிதங்கள்' என்று சுமார் 1,200 கடிதங்கள் இருக்கின்றன. இவை லைட் எழுதியவை இல்லை, பெரும்பாலும் லைட்டுக்கு வந்தவை. ஜாவி என்ற அரபு வகை எழுத்தில், மலாய் மொழியில், சுல்தான்களும் வணிகர்களும் கப்பல்காரர்களும் எழுதியவை. தாலாங்கை, அதாவது இன்றைய புக்கெட்டை, 1785இல் பர்மியப் படையிடமிருந்து காத்த சான் அம்மையார் லைட்டுக்கு எழுதிய கடிதங்களும் அவற்றில் உண்டு. கடன் கேட்பார்கள், அபினி கேட்பார்கள், துப்பாக்கி கேட்பார்கள், பாக்கியைக் கொடு என்பார்கள்.

அந்தக் காலத்து மலாய் அரசர்கள் கையெழுத்துப் போடுவதில்லை. முத்திரை இடுவார்கள். விளக்குப் புகைக்கரியில் முத்திரையைத் தோய்த்துத் தாளில் அழுத்துவார்கள். எந்த உயரத்தில் அழுத்துவது என்பதில்கூட எழுதுபவருக்கும் பெறுபவருக்கும் உள்ள தகுதி வித்தியாசம் தெரியும். இறகுப் பேனா சுழிப்பை நம்பிய கம்பெனியும் கரி முத்திரையை நம்பிய சுல்தானும் ஒரே பேச்சுவார்த்தையில் இருந்தார்கள். நாகூரான் தம்பி சொன்ன 1791 உடன்படிக்கையை இதையும் மனதில் வைத்துப் படிக்க வேண்டும்.

லைட் இந்தக் கடிதங்களைக் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை. அவருக்கு முகம் இல்லாமல் போனது, அவரிடம் பேசியவர்களின் குரல் மட்டும் ஆயிரத்துக்கு மேல் மிஞ்சியது.

அடிலெய்டுவாசி | திங்கள், காலை 9.20

பழையதாள் சார், அருமை. லைட்டின் தொடக்கமே நம் பக்கம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1771இல் அவர் கெடாவுக்குப் போனது சென்னையிலிருந்த ஜூர்டெய்ன், சலிவன், டி சூசா என்ற வணிக நிறுவனத்தின் முகவராக. பினாங்கைப் பிடித்துக்கொள்ளலாம் என்று வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு அந்தச் சமயத்திலேயே எழுதத் தொடங்கிவிட்டார். பதினைந்து வருஷம் விடவே இல்லை.

அப்புறம் ஒரு சின்னத் திருத்தம், பொதுவாகப் பலர் எழுதுவதால் சொல்கிறேன். 'சர் பிரான்சிஸ் லைட்' என்று போடாதீர்கள், அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்ததே இல்லை.

ஜார்ஜ் டவுனும் அடிலெய்டும் 1973 முதல் சகோதர நகரங்கள். அப்பா ஊரும் மகன் ஊரும்.

சட்டம்போடுபவன் | திங்கள், பகல் 12.10

நான் மதுரையில் படச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். பின்பலகைப் படத்தைப் பார்த்தேன். பழைய பெட்டிப் பலகை போலத் தெரிகிறது. அந்த மரத்தின் புளிப்பு தாளில் ஏறித்தான் தாள் பழுத்திருக்கிறது. மேல் ஓரத்தில் இராமபாணப் பூச்சி அரித்த தடம் இருக்கிறது. பலகையை வீசிவிடாதீர்கள் அக்கா, எழுத்து அதில்தான் இருக்கிறது. படத்துக்கும் பலகைக்கும் நடுவில் அமிலமில்லாத அட்டை ஒன்றைக் கொடுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி ஓரத்தில் சின்ன அட்டைப் பட்டை வையுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள். உள்ளூர்க் கடையில் செய்து தருவார்கள், கூடவே நின்று பாருங்கள்.

தேவகோட்டைப்பேத்தி | திங்கள், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். மார்ட்டினா பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். ஆயாவும் ஐயா பினாங்கில் இருந்த வருஷங்களில் ஊரில் தனியாகத்தான் இருந்தாராம். கடிதத்தில் வரும் கையெழுத்தைத் தடவிப் பார்ப்பாராம், படிக்கத் தெரியாது. அம்மா இதை எனக்கு இதுவரை சொன்னதே இல்லை.

காப்பகத்துக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு. அச்சுப் படம் அவர்களிடம் வேறு நல்ல பிரதியாகவே இருக்கும். பேரேடுகளையும் கப்பல் ரசீதுகளையும் பற்றித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது, அவற்றை நான் இதுவரை பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

படம் வீட்டில் இருக்கும். ஐயாவின் எழுத்தைத் தொடவில்லை. அமிலமில்லாத அட்டையின் பின்னால் பென்சிலில் ஒரு குறிப்பு எழுதலாம் என்று நினைக்கிறேன். சரியா என்று பாருங்கள்:

'வில்லியம் லைட் (1786–1839). அச்சுப் படம், அச்சுக் கையெழுத்து. அடிலெய்டு நகரத்தை அமைத்தவர். பினாங்கில் உள்ள இவர் தந்தை பிரான்சிஸ் லைட்டின் சிலைக்கு இந்த முகமே மாதிரி. பலகையில் உள்ள எழுத்து எங்கள் ஐயாவுடையது.'

தஞ்சோங்காரி | திங்கள், இரவு 10.20

எல்லாம் சரி. ஒரு பெயர் விட்டுப்போச்சு.

நாகூரான் | திங்கள், இரவு 10.31

'குவாலா கெடாவில் பிறந்தவர்' என்பதையும் சேருங்கள். கடாரத்துப் பிள்ளை அவர்.

தேவகோட்டைப்பேத்தி | திங்கள், இரவு 10.58

மாற்றிவிட்டேன். எழுதி, அம்மா கையால் உள்ளே வைத்து ஆணி அடித்தாயிற்று. முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: 'வில்லியம் லைட் (1786–1839), குவாலா கெடாவில் பிறந்தவர். தாய் மார்ட்டினா ரொசெல்ஸ், தந்தை பிரான்சிஸ் லைட்.'

நாளை முதல் பேரேட்டைப் பிரிக்கிறேன். பழையதாள் சார், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் என்ன செய்வது என்று தனி இழையில் கேட்கிறேன்.